வாசகர் கேள்வி – பதில்: இவர் ஏன் இவ்வளவு மலிவு?

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் வரும் கடிதங்களில் பெரும்பகுதி ஃபேண்டஸி ஃபுட்பால் டிராஃப்ட் பற்றியதாகவே இருக்கிறது. நண்பர்கள் ஒரு லீகாகச் சேர்ந்து, உண்மையான ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்து, ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்பதுதான் டிராஃப்ட்; அந்த ஆட்டக்காரர்கள் களத்தில் ஆடுவதற்கேற்ப அணிக்குப் புள்ளிகள் சேரும். இம்முறை வந்தவற்றுள், மற்றவர்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்ட ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தம் லீகில் உள்ள நண்பர்களும் இந்தப் பகுதியைப் படிக்கிறார்கள், ஆகவே பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால், எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஒரு லீகில் ஆடிவருகிறேன். ஒவ்வொரு முறையும் தரவரிசையில் மேலே இருப்பவரையே எடுக்கிறேன். ஆனாலும் பன்னிரண்டு அணிகளில் எட்டாவது இடத்துக்கு மேல் வந்ததில்லை. ‘குறைத்து மதிப்பிடப்பட்டவர்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மையில் எதைக் குறிக்கிறது?

பதில்: பட்டியலில் மேலே இருப்பவரை அந்த இடத்திலேயே எடுத்தால், சந்தை விலையைக் கொடுத்துச் சந்தைப் பொருளை வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். அதில் நட்டமில்லை, ஆதாயமும் இல்லை. பன்னிரண்டு பேரும் அவ்வாறே செய்தால் காயமும் அதிர்ஷ்டமும்தான் வரிசையை முடிவு செய்யும்.

டிராஃப்டில் ஓர் ஆட்டக்காரருக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, அவர் சராசரியாக எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பது, ஏ.டி.பி. என்று சொல்வது இதைத்தான். மற்றொன்று, சீசன் முடிவில் அவர் கொண்டுவரும் புள்ளிகள். முன்னது விலை, பின்னது மதிப்பு. இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியைத்தான் நாம் தேடுகிறோம். எனவே ‘நல்ல ஆட்டக்காரர் யார்’ என்பது நம்முடைய கேள்வி அன்று. ‘இவர் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறார்’ என்பதே கேள்வி. காரணம் அவர் செய்யப்போகும் வேலையைப் பற்றியதாக இருந்தால், அதாவது பந்து அவரிடம் குறைவாகவே வரும் என்பதாக இருந்தால், அந்த மலிவு நியாயமானது. கடந்த ஆண்டு ஏற்பட்ட சலிப்போ, ஒரு தவறான செய்தியோ, இனி இல்லாத ஒரு சூழ்நிலையோ காரணமாக இருந்தால், அவர்தான் நமக்கு வேண்டியவர்.

2021-ஆம் ஆண்டின் கூப்பர் கப் இதற்குச் சரியான உதாரணம். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்காக அதற்கு முந்தைய ஆண்டு அவர் 92 முறை பந்தைப் பிடித்து 974 யார்டு எடுத்திருந்தார். ஆனால் டச்டவுன், அதாவது பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்து ஆறு புள்ளி எடுப்பது, மூன்றே மூன்று. இந்த மூன்றைப் பார்த்துத்தான் பல டிராஃப்டுகளில் அவரை நான்காம், ஐந்தாம் சுற்றுவரை விட்டுவைத்தார்கள். இடையில் ராம்ஸ் ஜாரெட் காஃபைக் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபோர்டைப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காகக் கொண்டுவந்திருந்தது. பந்தை எறிபவர் மாறிய பிறகும், பழைய எறிபவர் காலத்துக் கணக்கையே விலையாக வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு கப் 145 பிடிப்புகள், 1947 யார்டு, 16 டச்டவுன் என்று மூன்று பிரிவிலும் முதலிடம் பிடித்தார். இவ்வளவு பெரிய சாதனையை யாரும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது. ஆனால் மூன்று டச்டவுன் என்ற எண்ணை நம்பி விலை வைப்பது தவறு என்பதை ஆகஸ்டு மாதத்திலேயே கண்டிருக்க முடியும்.

விலை தெரிந்திருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. பன்னிரண்டு அணிகள் கொண்ட பாம்பு வரிசை டிராஃப்டில், அதாவது சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகத் திரும்பும் முறையில், நீங்கள் ஐந்தாவது இடத்தில் இருந்தால் உங்கள் முறை 5, 20, 29, 44, 53 என்று வரும். உங்கள் கணிப்பில் 25-ஆவது இடத்துக்கு உரியவரும், ஏ.டி.பி.யில் 50-ஆவது இடத்தில் இருப்பவருமான ஒருவரை 20-இல் எடுத்தால், கிடைத்திருக்க வேண்டிய ஆதாயத்தை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். 53 வரை காத்திருப்பது பேராசை. 44-இல் எடுங்கள். உங்கள் கடிதத்திலிருந்து நான் ஊகிப்பது, நீங்கள் ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு இடத்தில் தவறுகிறீர்கள் என்பதே.

கேள்வி: மிக அதிகப் புள்ளிகள் எடுப்பவர்கள் குவார்ட்டர்பேக்குகள்தாம். அப்படியிருக்க, அவர்களை முதல் சுற்றில் எடுக்க வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வது எனக்குப் புரியவில்லை.

பதில்: இந்தக் குழப்பம் விளையாட்டோடு கூடப் பிறந்தது. 1963-இல் ஓக்லாண்டில், ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக்கும் நண்பர்களும் நடத்திய முதல் ஃபேண்டஸி டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்கும், பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கருமான ஜார்ஜ் பிளாண்டா. ஓட்டக்காரரான ஜிம் பிரவுன் அவருக்குப் பின்னரே போனார். அந்த ஆண்டு பிரவுன் 1863 யார்டு ஓடினார்.

புள்ளிகளின் மொத்தத்தைப் பார்க்காதீர்கள்; அதே இடத்தில் ஆடக்கூடிய, எளிதில் கிடைக்கும் மற்றொருவரைவிட இவர் எவ்வளவு கூடுதலாகத் தருகிறார் என்று பாருங்கள். உங்கள் லீகில் ஒவ்வோர் அணியும் ஒரு குவார்ட்டர்பேக்கையும் இரண்டு ரன்னிங் பேக்குகளையும், அதாவது பந்தை வாங்கி ஓடுபவர்களையும், களமிறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலிடக் குவார்ட்டர்பேக் 380 புள்ளி எடுக்கிறார், பன்னிரண்டாம் இடத்தவர் 290 எடுக்கிறார் என்றால், முதலாமவரின் உண்மையான பெறுமானம் 90 மட்டுமே. முதலிட ரன்னிங் பேக் 310, இருபத்து நான்காம் இடத்தவர் 160 என்றால், அங்கே வேறுபாடு 150. மொத்தத்தில் 70 புள்ளி குறைவாக எடுக்கும் ஓட்டக்காரர், உங்கள் அணிக்கு 60 புள்ளி கூடுதலாக உதவுகிறார். இந்த முறையை 1990-களில் ஜோ பிரையன்ட் என்பவர் பரப்பினார். இன்று வெளிவரும் பெரும்பாலான தரவரிசைகளுக்கு அடியில் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது.

ஆகவே குவார்ட்டர்பேக்கில் மலிவைத் தேடுவது பெரும்பாலும் பலன் தரும். 2018 சீசனுக்கு முன் பாட்ரிக் மஹோம்ஸ் என்.எஃப்.எல்.லில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் தொடக்கத்திலிருந்து ஆடியிருந்தார். கேன்சஸ் சிட்டி அணி அலெக்ஸ் ஸ்மித்தை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டு அவரை முன்னிறுத்தியது. ஆனாலும் டிராஃப்டுகளில் ஒரு டஜன் குவார்ட்டர்பேக்குகள் போன பிறகே அவர் பெயர் வந்தது. அந்த ஆண்டு 5097 யார்டு, 50 டச்டவுன்.

மலிவான குவார்ட்டர்பேக்கில் நான் முதலில் பார்ப்பது அவர் ஓடுவாரா என்பதைத்தான். வழக்கமான விதிப்படி எறிந்த 25 யார்டுக்கு ஒரு புள்ளி, ஓடிய 10 யார்டுக்கு ஒரு புள்ளி. லாமார் ஜாக்சன் 2019-இல் எறிந்தது 3127 யார்டு. அது 125 புள்ளி. ஓடியது 1206 யார்டு; அது 120 புள்ளிக்குச் சற்று மேல். அதாவது, எறிபவர் ஒருவரும் ஓடுபவர் ஒருவரும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள். விலை ஒருவருக்கு மட்டுமே, அதுவும் பின்சுற்று விலை. 2024-இல் முதல் ஆண்டு ஆட்டக்காரரான ஜேடன் டேனியல்ஸ் ஓடிய 891 யார்டு, எறிந்த 2227 யார்டுக்குச் சமம். ஓடும் குவார்ட்டர்பேக் சரியாக எறிவாரா என்ற ஐயத்தால் விலை குறைந்திருக்கும்போது, அவர் சுமாராக எறிந்தாலே நமக்குப் போதும் என்பதை மற்றவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு குவார்ட்டர்பேக்குகளைக் களமிறக்கும் லீகாக இருந்தால் நான் மேலே சொன்னது எதுவும் செல்லாது. அங்கே அவர்களைச் சீக்கிரம் எடுங்கள்.

கேள்வி: பந்தைப் பிடித்தாலே ஒரு புள்ளி தரும் லீகுக்கும், அப்படித் தராத லீகுக்கும் ஒரே பட்டியலைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. 2019-இல் ஆஸ்டின் எகெலர் ரன்னிங் பேக்காக இருந்துகொண்டே 92 பந்துகளைப் பிடித்தார். பிடிப்புக்கு ஒரு புள்ளி தரும் லீகில் அது 92 புள்ளி, அரைப் புள்ளி தரும் லீகில் 46, பழைய முறையில் சுழியம். ஒரே மனிதர், ஒரே ஆட்டம், மூன்று வேறு மதிப்புகள். உங்கள் லீகின் விதிப் பக்கத்தை முழுமையாகப் படிப்பவர் அநேகமாக நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அதுவே பாதி ஆதாயம்.

கேள்வி: கடந்த ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் எந்த எண்ணை நம்பலாம், எந்த எண்ணை நம்பக்கூடாது?

பதில்: வேலையைக் காட்டும் எண்களை நம்புங்கள், முடிவைக் காட்டும் எண்களைச் சந்தேகியுங்கள். ஓர் ஆட்டக்காரர் எத்தனை ஸ்னாப்புகளில், அதாவது பந்து ஆட்டத்துக்கு வரும் எத்தனை முறை, களத்தில் நின்றார், அவரை நோக்கி எத்தனை பந்துகள் எறியப்பட்டன, எத்தனை முறை பந்தை வாங்கி ஓடினார் என்பவை பயிற்சியாளர் அவர்மீது வைத்த நம்பிக்கையைக் காட்டுகின்றன. அந்த நம்பிக்கை ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்குப் பெரும்பாலும் தொடரும். டச்டவுன் அப்படியன்று. ஒரு யார்டு கோட்டில் யார் கையில் பந்து இருந்தது என்பதைப் பொறுத்து, ஒருவருடைய ஆறு புள்ளி இன்னொருவருக்குப் போய்விடுகிறது. ஆனால் ஃபேண்டஸிப் புள்ளியில் பெருத்த பங்கு டச்டவுனுக்குத்தான். ஆகவே கடந்த ஆண்டின் புள்ளிப் பட்டியல், நிலையான ஒன்றையும் நிலையற்ற ஒன்றையும் சேர்த்துக் குழைத்த கலவை.

டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் கால்வின் ஜான்சன் 2012-இல் 1964 யார்டு எடுத்து என்.எஃப்.எல். சாதனை படைத்தார், டச்டவுன் ஐந்துதான். அடுத்த ஆண்டு அவர் எடுத்த யார்டு 1492 ஆகக் குறைந்தது, டச்டவுன் 12 ஆக உயர்ந்தது. பிடிப்புக்குப் புள்ளி தராத முறையில் கணக்கிட்டால் முதல் ஆண்டு 226, இரண்டாம் ஆண்டு 221. 472 யார்டு குறைந்தும் புள்ளி ஏறக்குறைய அப்படியே நின்றது. அட்லாண்டா ஃபால்கன்ஸின் ஜூலியோ ஜோன்ஸ் 2017-இல் 1444 யார்டுக்கு மூன்று டச்டவுன். 2018-இல் 1677 யார்டுக்கு எட்டு. அவருடைய புள்ளி 162-இலிருந்து 215-க்கு மேல் போனது. இருவரிடத்திலும் முதல் ஆண்டில் குறைந்தது திறமையும் அன்று, வாய்ப்பும் அன்று.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். மயாமி டால்ஃபின்ஸின் ரஹீம் மாஸ்டர்ட் 2023-இல் 21 டச்டவுன் எடுத்தார், ஓடியது ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட யார்டுதான். யார்டுக்கும் டச்டவுனுக்கும் இவ்வளவு பொருத்தமின்மை இருக்கும்போது, அதோடு வயது முப்பத்தொன்றைக் கடந்திருக்கும்போது, அணியில் டி’வான் அச்சேன் என்ற வேகமான இளைஞரும் காத்திருக்கும்போது, அடுத்த ஆண்டு யார் விலை கொடுக்க வேண்டும்? 2024-இல் அவர் எடுத்த டச்டவுன் இரண்டு.

நான் ஒவ்வோர் ஆகஸ்டிலும் செய்வது மிக எளியது. ரிசீவர்களை, அதாவது பந்தைப் பிடிப்பவர்களை, அவர்களை நோக்கி எறியப்பட்ட பந்துகளின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, பக்கத்திலேயே டச்டவுன் எண்ணிக்கையை எழுதிக்கொள்வேன். மேலே இருந்தும் டச்டவுன் குறைந்தவர்கள் என் பட்டியலில் ஏறுவார்கள்; கீழே இருந்தும் டச்டவுன் மிகுந்தவர்கள் இறங்குவார்கள். அரை மணி நேர வேலை. ஆயினும் இதை இயந்திரமாகச் செய்யக்கூடாது என்று ஓர் எச்சரிக்கை: கோல் கோட்டுக்கு அருகில் எப்போதுமே களத்திலிருந்து விலக்கப்படும் ஒருவருக்கு டச்டவுன் குறைவது துரதிர்ஷ்டம் அன்று, அது அவருடைய வேலையின் வரம்பு.

கேள்வி: மாற்று ரன்னிங் பேக்குகளில் எவரைப் பிடித்து வைப்பது? என் பெஞ்ச் முழுவதும் இவர்களே இருந்தும், வாய்ப்புக் கிடைப்பது எப்போதும் நான் எடுக்காத ஒருவருக்குத்தான்.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, இத்துறையில் இதற்குத் தப்பியவர் யாரும் இல்லை. ஆயினும் சில வழிகாட்டிகள் உண்டு.

முதன்மை ஓட்டக்காரர் காயமடைந்தால் அவருடைய வேலை முழுவதும் ஒருவருக்கே போகுமா, அல்லது இருவர் மூவருக்குப் பிரியுமா என்று கேளுங்கள். பிரியுமென்றால் அந்த மாற்று ஆட்டக்காரர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். 2018-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் லெவியோன் பெல் ஒப்பந்தப் பிரச்சினையால் ஆண்டு முழுவதும் ஆட வரவில்லை. அந்த அணி பழக்கமாகவே ஒரே ஓட்டக்காரரை நம்பி ஆடும் அணி. ஆகவே ஜேம்ஸ் கானருக்கு வேலை முழுதாகக் கிடைத்தது. பதின்மூன்று ஆட்டங்களில் 973 யார்டும், ஓடியே 12 டச்டவுனும் எடுத்தார். பெல்லை முதல் சுற்றில் எடுத்தவர்களுக்கு ஒரு புள்ளியும் வரவில்லை. ஒப்பந்தப் பிரச்சினையில் இருப்பவரைவிட, அவர் பின்னால் நிற்பவரே எனக்கு எப்போதும் கவர்ச்சியாகத் தெரிகிறார். 2019-இல் மெல்வின் கார்டன் முதல் நான்கு ஆட்டங்களுக்கு வராதபோது எகெலருக்கு வழி திறந்ததும் இவ்வாறுதான்.

அடுத்தது காலம். 2020 ஆகஸ்டு 31 அன்று ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி லெனார்ட் ஃபோர்னெட்டை விடுவித்தது. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில் எந்த அணியாலும் எடுக்கப்படாமல் வந்த ஜேம்ஸ் ராபின்சன் அந்த இடத்தில் நின்று, ஓடியும் பிடித்தும் சேர்த்து 1414 யார்டு எடுத்தார். ஆகஸ்டு நடுவில் டிராஃப்ட் முடித்துவிட்ட லீகுகளுக்கு இதை அறிய வழியே இல்லை. உங்கள் லீகில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்குமானால், டிராஃப்டைச் சீசன் தொடங்கும் வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, டிராஃப்ட் முடிந்த பிறகும் மலிவு முடிவதில்லை. 2023-இன் முதல் வாரத்தில் ராம்ஸ் அணியின் கேம் ஏக்கர்ஸ் 22 முறை ஓடி 29 யார்டு எடுத்தார். ஓட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள் அவரே முதன்மை ஓட்டக்காரர் என்று நினைத்தார்கள். ஸ்னாப் கணக்கைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது: களத்தில் அதிக நேரம் நின்றவர் கைரன் வில்லியம்ஸ். அன்று அவர் இரண்டு டச்டவுன்களும் எடுத்தார். இரண்டாம் வாரம் ஏக்கர்ஸ் ஆட்டக்காரர் பட்டியலிலேயே இல்லை; விரைவில் மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டார். வில்லியம்ஸ் பன்னிரண்டே ஆட்டங்களில் 1144 யார்டு ஓடினார். அவரைப் பெற ஒரு டிராஃப்ட் இடம்கூடத் தேவைப்படவில்லை, வெய்வரில், அதாவது யாரும் எடுக்காதவர்களின் பட்டியலில், கேட்டிருந்தால் போதும்.

உங்கள் பெஞ்சைப் பொறுத்தவரை, உங்கள் சொந்த ரன்னிங் பேக்கின் மாற்று ஆளைவிடப் பிறர் அணியில் உள்ளவரின் மாற்று ஆளை எடுங்கள். உங்கள் ஆள் விழுந்து அவருடைய மாற்று எழுந்தால், இழந்ததை மீட்கிறீர்கள், அவ்வளவே. பிறர் ஆள் விழுந்தால் உங்கள் அணி ஓர் ஆட்டக்காரர் கூடுதலாகப் பெறுகிறது.

கேள்வி: முப்பது வயதைத் தாண்டியவர்களை எடுக்கலாமா? என் நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

பதில்: கேலிதான் அந்த விலையைக் குறைக்கிறது, ஆகவே அதற்கு நன்றி சொல்லுங்கள். டாம்பா பே பக்கனியர்ஸின் மைக் எவன்ஸ் 2014-இலிருந்து 2022 வரை ஓர் ஆண்டும் தவறாமல் ஆயிரம் யார்டைக் கடந்துவந்தவர். 2023-இல் டாம் பிரேடி ஓய்வு பெற்று பேக்கர் மேஃபீல்ட் வந்ததும், எவன்ஸுக்கு முப்பது வயது நிறைந்ததும் சேர்ந்துகொண்டன; நடுச் சுற்றுகள்வரை அவரை யாரும் தொடவில்லை. அந்த ஆண்டு 1255 யார்டும் 13 டச்டவுனும் எடுத்தார். புதிய பெயரைச் சொல்லி எடுப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக அதையே செய்துவரும் ஒருவரை எடுப்பதில் பெருமை இல்லை. மலிவின் பெரும் பகுதி இந்தச் சலிப்பிலிருந்துதான் பிறக்கிறது.

ரன்னிங் பேக்குகளிடம் மட்டும் நான் வயதுக்கு அஞ்சுவேன். டெரிக் ஹென்றி 2024-இல் பால்டிமோர் ரேவன்ஸுக்கு மாறி முப்பது வயதில் 1921 யார்டு ஓடினார் என்பது உண்மைதான். ஆனால் அவர் இரண்டாம் சுற்றில் போனவர், பெரிய மலிவு என்று சொல்ல முடியாது. அவரைப் பார்த்து எல்லா முதியவர்களையும் நம்பினால் மாஸ்டர்ட் கதையாகிவிடும்.

வயதைப் போலவே பொய்யான அச்சத்தை உண்டாக்கும் இன்னொன்று, ஆகஸ்டு மாதச் செய்திகள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். 2022-இல் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ், ஜோஷ் ஜேக்கப்ஸின் ஐந்தாம் ஆண்டு ஒப்பந்த உரிமையை வேண்டாம் என்று விட்டது. பிறகு, முக்கிய ஆட்டக்காரர்களை வழக்கமாக ஓய்வில் வைக்கும் முன்னோட்ட ஆட்டத்தில் அவரைக் களமிறக்கியது. அணி அவரைக் கைகழுவுகிறது என்று பலரும் எழுதினார்கள், நானும் நம்பினேன். என் முறை வந்தபோது அவரைக் கடந்து வேறொருவரை எடுத்தேன், அந்த வேறொருவர் யார் என்பதுகூட இப்போது நினைவில்லை. ஜேக்கப்ஸ் அந்த ஆண்டு 1653 யார்டு ஓடி என்.எஃப்.எல்.லிலேயே முதலிடம் பிடித்தார். ஒப்பந்தம் அடுத்த ஆண்டைப் பற்றியது, நான் வாங்கவிருந்தது இந்த ஆண்டை. அந்த வேறுபாட்டை நான் அன்று யோசிக்கவில்லை.

கேள்வி: பூக்கா நக்குவாவைப் போல ஒரு முதல் ஆண்டு ஆட்டக்காரரை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: நக்குவாவை முன்கூட்டியே கண்டதாகச் சொல்பவரிடம் கடன் கொடுக்காதீர்கள். 2023 என்.எஃப்.எல். டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் 177-ஆவது ஆளாக ராம்ஸ் அணியால் எடுக்கப்பட்டவர், அதே ஆண்டில் 105 பிடிப்புகளும் 1486 யார்டும் எடுத்து முதல் ஆண்டு ஆட்டக்காரர்களுக்கான சாதனைகளை முறியடித்தார். அவருடைய திறமையை வெளியிலிருந்து அளந்திருக்க முடியாது. ஆனால் வெற்றிடத்தை அளந்திருக்க முடியும்: கூப்பர் கப் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களுக்கு இல்லை என்று உறுதியான பிறகு, அவரை நோக்கி வழக்கமாக எறியப்படும் பந்துகள் வேறு யாருக்காவது போய்த்தான் ஆகவேண்டும். அந்த ‘யாராவது’ என்ற இடத்துக்குக் கடைசிச் சுற்று ஒன்றைச் செலவழிப்பது சூதாட்டம் என்றாலும் நியாயமான சூதாட்டம். ஆளைத் தேடாதீர்கள், காலியான வேலையைத் தேடுங்கள்.

டைட் எண்ட் இடத்தில், அதாவது தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் வேண்டிய இடத்தில், முதல் ஆண்டுக்காரர்கள் தாமதமாகவே முதிர்வார்கள் என்ற பழைய நம்பிக்கையும் விலையைக் குறைத்துவந்தது. 2023-இல் சாம் லபோர்ட்டா பத்து டச்டவுன் எடுத்தார், 2024-இல் பிராக் பவர்ஸ் 112 பந்துகளைப் பிடித்தார். இனி அந்த மலிவு அவ்வளவாகக் கிடைக்காது.

கேள்வி: ‘இந்த ஆண்டின் ரகசிய ஆட்டக்காரர்கள்’ என்று எல்லா இடங்களிலும் பட்டியல் வருகிறது. அவற்றைப் பின்பற்றலாமா?

பதில்: எல்லோரும் அறிந்த ரகசியத்துக்கு மலிவு விலை இருக்காது. ஜூன் மாதத்தில் பத்தாம் சுற்றில் இருந்த ஒருவர், நான்கு பட்டியல்களில் பெயர் வந்த பிறகு ஆறாம் சுற்றுக்கு ஏறிவிடுகிறார். அவரைப் பற்றிச் சொல்லப்பட்டவை அனைத்தும் உண்மையாகவே இருந்தாலும், ஆறாம் சுற்று விலையில் அவர் நட்டமாகவே முடியலாம். பட்டியலைப் படியுங்கள், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எந்தச் சுற்றுக்குப் பிறகு எடுப்பேன் என்ற எண்ணை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

இதைவிடப் பயனுள்ள பட்டியல் ஒன்று உங்கள் கண்முன்னே இருக்கிறது. டிராஃப்ட் நடக்கும் செயலி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தரவரிசை வைத்திருக்கிறது, ஈ.எஸ்.பி.என்., யாஹூ, ஸ்லீப்பர் ஆகியவற்றில் அவை ஒன்றுபோல் இருப்பதில்லை. கடிகாரம் ஓடும்போது பெரும்பாலோர் திரையில் தெரியும் முதல் பத்துப் பெயர்களுக்குள்ளேயே தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே மற்ற செயலிகளில் மேலேயும் உங்கள் செயலியில் மட்டும் கீழேயும் இருப்பவர்களை முதல் நாளே குறித்துவையுங்கள். அவர்கள் திரைக்குக் கீழே மறைந்துகிடப்பார்கள். நீங்கள் கீழே இறக்கிப் பார்த்தால் போதும்.

கேள்வி: எங்கள் லீகில் ஏல முறை. ஆளுக்கு 200 டாலர் கற்பனைப் பணம். இதில் மலிவு எப்படிக் கிடைக்கும்?

பதில்: ஏலத்தில் மலிவு என்பது ஆட்டக்காரரைவிட எதிரே இருப்பவரின் பையைப் பொறுத்தது. உங்கள் முறை வரும்போது நீங்கள் விரும்பாத, ஆனால் பிறர் விரும்பும் பெரிய பெயர்களையே ஏலத்துக்கு விடுங்கள், பணம் கரையட்டும். ஒவ்வொருவரும் மீதமுள்ள இடத்துக்குக் குறைந்தது ஒரு டாலராவது வைத்திருக்க வேண்டும் என்பதால், 40 டாலரும் பத்து காலி இடங்களும் உள்ளவர் ஒருவருக்கு 31 டாலருக்கு மேல் கேட்க முடியாது. இந்தக் கழித்தலை எல்லா அணிகளுக்கும் ஒரு தாளில் செய்துவந்தால், உங்களோடு போட்டியிடக்கூடியவர் ஒருவரும் இல்லாத தருணம் எப்போது வருகிறது என்று தெரிந்துவிடும். நீங்கள் விரும்பும் ஆள் அப்போதுதான் ஏலத்துக்கு வரவேண்டும். அதுவரை அவர் பெயரை உச்சரிக்காதீர்கள். முகத்தையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குறைத்து மதிப்பிடப்பட்ட கிக்கரை எந்தச் சுற்றில் எடுப்பது?

பதில்: கடைசிச் சுற்றில். அதற்கு முந்தைய சுற்றில் டிஃபென்ஸ், அதாவது ஓர் அணியின் தற்காப்புப் பிரிவு முழுவதும். முதல் வாரம் எந்த அணியை எதிர்த்து ஆடுகிறது என்று பார்த்து எடுங்கள், இரண்டாம் வாரம் மாற்றிக்கொள்ளலாம்.